விரிப்புக்கு அடியில் கிடந்த காடு

எங்கள் ஹாப்பலா ஊரில் யாருடைய கணினி மக்கர் பண்ணினாலும் போன் தைமிக்குத்தான் போகும். அவள் பேச்சை முழுதாகக் கேட்க மாட்டாள். "அணைச்சுப் போட்டியா?" என்பாள். இல்லை என்று சொன்னால், "அணைச்சுப் போட்டுட்டு அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிடுவாள். பெரும்பாலானவர்கள் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். அந்த வேலைக்கு ரப்பர் பூட்ஸோடுதான் போவாள், வெயிலோ பனியோ. புதிதாக வந்த மேலாளர் ஒருமுறை அந்த பூட்ஸைப் பார்த்து முகம் சுளித்தார். "உங்க கம்ப்யூட்டரைப் பாக்க வந்தேனா, உங்க கூட போட்டோ எடுத்துக்க வந்தேனா?" என்று கேட்டாள். அப்புறம் அந்த ஆள் பூட்ஸ் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை.

நான் சீர்க்கா. தைமி வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. பள்ளிக்கூடச் சமையலறை என் பொறுப்பு, போட்டி நாட்களில் சூப்புக் கூடாரமும் என் பொறுப்பு. எனக்கு வாய் நீளம், தைமிக்குக் கால் நீளம். நான் பேசி முடிப்பதற்குள் அவள் போய்ச் செய்துவிட்டு வந்திருப்பாள். அப்படித்தான் இத்தனை வருஷமாக எங்களுக்கு ஒத்துப்போகிறது.

முன்பெல்லாம் அவளும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பழைய போட்டி முடிவுகள், படங்கள், வரைபடங்கள் எல்லாம் அவள் வீட்டு சௌனாவின், அதாவது நீராவிக் குளியல் குடிலின், உடை மாற்றும் அறையில் ஒரு கணினியில் இருந்தன. நகலும் இருந்தது, பக்கத்திலேயே, அதே அலமாரியில். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீராவிக்கு மூட்டிய அடுப்பு மேலே பிடித்து, சௌனா கூரையோடு போய்விட்டது. தீயணைப்பு வண்டி வந்தபோது தைமி துண்டைச் சுற்றிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் நின்றாள். "ரெண்டு காப்பி வெச்சிருந்தேன்டி" என்றாள். என் புருஷன் நடத்திய போட்டிகளின் முடிவெல்லாம் அதில் போனதில் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு வெச்சா அது ரெண்டா? ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது. ஆனால் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஊரில் எவர் கணினியைத் தொட்டாலும், "நகல் இருக்கா? வேற வீட்ல இருக்கா? பூட்டு போட்டிருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

காட்டோட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பைத்தியம். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் ஒளித்துவைத்த கொடிகளை வரிசையாகத் தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். வரைபடத்தைப் புறப்படும் நொடியில்தான் கையில் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஒருவர் அதைப் பார்த்துவிட்டால் அவர் ஓடக் கூடாது. இந்த வருஷம் ஜூனில் மாகாணப் போட்டியை நடத்தும் முறை எங்களுக்கு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காட்டைப் புதிதாக வரைகிறார்கள் என்று சொல்லி இரண்டு வருஷமாக அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். நான் பெர்ரி பறிக்கும் சதுப்பு அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. என் வயிற்றெரிச்சலை யாரும் கேட்கவில்லை.

வரைந்தது யால்மாரி. மர ஆலையில் வேலை பார்க்கிற, நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதன். இரண்டு கோடைகாலமும் அவன் சாயங்காலங்கள், விடுமுறைகள் எல்லாம் அந்தக் காட்டுக்குள்ளேயே போயின. ஒவ்வொரு பாறையும், ஒவ்வொரு ஓடையும், விழுந்து கிடக்கிற மரம்கூட அவன் மடிக்கணினியில் வரைபடமாக ஏறியது. அந்த வரைபடத்தைத் தொலைக்காமலும் யார் கண்ணிலும் படாமலும் காக்கிற பொறுப்பைத் தைமி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குள் யார் வீட்டில் நகல் வைத்தாலும் அந்த வீட்டில் ஓடுகிறவர் ஒருவர் இருப்பார். கழகக் கூட்டத்தில் தைமி எழுந்து நின்று, "நீமியில உர்போ வீட்ல வெச்சிடலாம்" என்றாள்.

காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கோப்பையை இறக்கினார்கள். நீமி பக்கத்து ஊர், எதிர்க் கழகம். உர்போ டெலிபோன் இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்காரர் பிரிவில் வருஷா வருஷம் எங்கள் ஆட்களை மண்ணைக் கவ்வ வைக்கிறவர். இந்தப் போட்டியிலும் ஓடப்போகிறவர்.

"தைமி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் தலைவர்.

"பூட்டு நல்ல பூட்டான்னு எதிராளி வீட்ல வெச்சாத்தான் தெரியும்" என்றாள் தைமி. "அவர் என்னமோ பண்ணிப் பாக்கட்டும். பொட்டலம் அவர் வீட்ல இருக்கும், சாவி என் தலைக்குள்ள இருக்கும்."

ஏற்பாடு இதுதான். யால்மாரியின் கணினி தினமும் வரைபடம் முழுவதையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, கடவுச்சொல் இல்லாமல் எவராலும் படிக்க முடியாதபடி குழப்பிப் பூட்டி, தைமி வீட்டுக் கணினிக்கு அனுப்பும். அங்கே 'நீமி' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பார்க்க மற்ற ஃபோல்டர் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் உர்போ வீட்டு டிஸ்க்கை இணையம் வழியாகக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். மவுண்ட் பண்ணியிருக்கேன் என்பாள். இங்கே உள்ளே போட்டது அங்கே போய் விழும். பதிலுக்கு உர்போவின் பொட்டலங்கள் தைமி வீட்டில் பூட்டோடு கிடந்தன. மீன் படங்கள் என்று அவர் சொல்வார். என்ன மீனோ, யாருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்துக்கு உர்போவின் போன் வரும். பொட்டலம் எவ்வளவு பெரிது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதை வைத்தே வம்புக்கு இழுப்பார்.

"தைமி, உங்க காடு இந்த வாரம் பெருத்துப்போச்சே. பாறை ஜாஸ்தியோ?"

"உங்க தலைதான் பாறை. போய் மீனைப் புடிங்க."

"எதுக்கும் புது ஷூ வாங்கி வெச்சுக்கறேன். பொட்டலம் சேறு மாதிரி கனக்குது."

இப்படி ஒரு கோடை முழுக்க ஓடியது. போன வருஷம் இலையுதிர் காலத்தில் அந்த போன் நின்றுவிட்டது. "பாரேன், மனுஷனுக்கு நாகரிகம் வந்துடுச்சு" என்றாள் தைமி. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கலாமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் அவருக்குப் பேச வேண்டியது தீர்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

ஏப்ரலில் தைமி கணினி டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள். "எதுடி இப்படித் தின்னுது? தேடித் தேடிப் பாக்கறேன், எல்லாத்தையும் கூட்டினாலும் பாதிகூட வரல" என்று புலம்பி, தன் அக்கா பேத்திகளின் பனிச்சறுக்கு வீடியோக்களை அழித்து இடம் பண்ணினாள். அந்த அக்கா இன்னும் அவளை மன்னிக்கவில்லை.

போட்டிக்கு முன்வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. தைமி என் வீட்டில் ஏலக்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். வாசலில் யால்மாரி வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"என்ன யால்மாரி, மீனா?" என்றேன்.

"கம்ப்யூட்டர்" என்றான்.

பையை மேசையில் கொட்டினான். அது கணினியாக இருந்தது என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது.

"கடைசியா ஒரு தடவை சரிபாக்கலாம்னு காலையில காட்டுக்குப் போனேன். திரும்பறப்ப பூட்ஸைக் கழட்டறதுக்காக இதைக் கார் கூரை மேல வெச்சேன். மறந்து கெளம்பிட்டேன். ரோட்ல விழுந்துச்சு. பின்னாலயே மர லாரி." அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. "பென் டிரைவும் அதுலயேதான் சொருகியிருந்துச்சு."

மறுநாள் மதியத்துக்குள் அச்சகத்துக்கு வரைபடம் போயாக வேண்டும். அதற்கு மேல் அவர்கள் கடையைச் சாத்திவிட்டு நடுக்கோடை விடுமுறைக்குக் குடிலுக்குப் போய்விடுவார்கள், தேவனே வந்து கூப்பிட்டாலும் திரும்பி வர மாட்டார்கள். வரைபடம் இல்லையென்றால் போட்டி இல்லை. மாகாணம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரப்போகிறார்கள். இரண்டு வருஷமாகக் காட்டைப் பூட்டிவைத்தது வீண், யால்மாரியின் இரண்டு கோடையும் வீண்.

தைமி மட்டும் அசையவில்லை. விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டாள். "இதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு பிரகாசம். உண்மையைச் சொன்னால், சௌனா எரிந்த நாளிலிருந்து அவள் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கணினி அலமாரிக்குள் ஊதிக்கொண்டிருந்தது, காற்றாடி இரைகிற இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. போன கோடையில் போட்டதை அதற்கப்புறம் அவள் அணைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் அதுதான் நிலைமை.

"மொதல்ல ஒரு தடவை அணைச்சுப் போடுவோம்" என்று அணைத்துப் போட்டாள்.

கணினி எழுந்து வந்தது. 'நீமி' ஃபோல்டரைத் திறந்தாள். தேதி வாரியாகப் பொட்டலங்கள் வரிசையாக நின்றன. கடைசிப் பொட்டலத்தின் தேதியைப் பார்த்தாள். செப்டம்பர். திரையைக் கீழே இழுத்தாள், மேலே இழுத்தாள். செப்டம்பருக்கு மேல் ஒன்றும் இல்லை.

"இல்ல" என்றாள். "தெனமும் போயிருக்கு. தெனமும் 'அனுப்பியாச்சு'ன்னு எனக்குச் செய்தி வந்திருக்கு. நேத்துகூட வந்துச்சு."

"செப்டம்பர்ல என்ன இருந்துச்சு?" என்று யால்மாரியைக் கேட்டேன்.

"தெற்குப் பாதி" என்றான். "வடக்கெல்லாம் அதுக்கப்புறம்தான். கொடியெல்லாம் வடக்குலதான் இருக்கு." சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த தைமியின் முகத்தை நான் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்த ஆளுதான்டி. உர்போதான் அழிச்சிருக்கான். பூட்டைத் தொறக்க முடியல, தூக்கிப் போட்டுட்டான். அதான் போனும் இல்ல, பேச்சும் இல்ல."

"வாய மூடிட்டு வண்டிய எடு" என்றாள் தைமி.

நீமி வரைக்கும் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். உர்போவை நிற்க வைத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஒத்திகை பார்த்தேன். எதிரே வந்த பஸ்ஸைக்கூட இரண்டு முறை திட்டினேன்.

உர்போ கதவைத் திறந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காபிக்குத் தண்ணீர் வைத்தார். கேட்கக் கொதித்துக்கொண்டு போன நான், மேசையில் கோப்பைகள் வந்ததும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காபி ஊற்றுகிற வீட்டில் சண்டை போட முடியுமா. தைமி உட்காரவில்லை. மாடிக்குப் போய் அவருடைய டிஸ்க்கைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எதுவும் அழியல" என்றாள் என்னிடம். "இடமெல்லாம் காலியாத்தான் இருக்கு. செப்டம்பருக்கு அப்புறம் இங்க எதுவும் வரவே இல்ல."

"வரல" என்றார் உர்போ. "செப்டம்பர்ல கூரை மாத்தினேன். தூசின்னு அதைக் கழட்டி ரெண்டு நாள் மூட்டை கட்டி வெச்சேன். அப்புறம் மாடியில மாட்டினேன். அதுல விளக்கெல்லாம் எரிஞ்சுது. ஆனா உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரல."

"ஏன் சொல்லல?" என்றாள் தைமி.

அவர் ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து விரலில் உருட்டினார். "எம்மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு நெனச்சேன். போட்டி கிட்ட வருது, வேற யார்கிட்டயோ குடுத்துட்டாங்கன்னு. ஞாயித்துக்கெழமை தோறும் கேலி பண்ணினேன் இல்ல, அது கொஞ்சம் அதிகமாப் போச்சோன்னு. அதை எப்படிப் போன் பண்ணிக் கேக்கறது?"

"ஒம்பது மாசமாவா?" என்றேன் நான்.

"போன் ஏன் வரலைன்னு நீங்களும் கேக்கலையே" என்றார்.

காபியோடு அவர் வைத்த பன்னை எடுத்துக் கடித்தேன். அது காய்ந்து போயிருந்தது, அதைக்கூட நான் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றார் உர்போ. கம்பி இழுத்தவர் அல்லவா, அவருக்கு ஒரு முனையிலிருந்து கிளம்பியது இன்னொரு முனையில் எங்காவது வந்தாக வேண்டும். "உன் மெஷின் தெனமும் அனுப்பிட்டேன்னு சொல்லுது. இங்க வரல. அப்ப அதெல்லாம் எங்கதான் போச்சு? தபால்ல தொலையறதுக்கு அது என்ன கிறிஸ்துமஸ் கார்டா?"

தைமி வாய்க்குக் கொண்டுபோன கோப்பை அங்கேயே நின்றது.

"ஏப்ரல்" என்றாள்.

"ஏப்ரலுக்கு என்ன?" என்றேன்.

"என் டிஸ்க் நெறைஞ்சுதே. கூட்டினா பாதிகூட வரலைன்னு சொன்னேனே. 'நீமி' உர்போ டிஸ்க்தானேன்னு அதை மட்டும் கூட்டாம விட்டுட்டேன்." கோப்பையை டக்கென்று வைத்தாள், காபி சிந்தியது. "ஐயோ, நான் ஒரு முட்டாள். நான் ஒரு வடிகட்டின முட்டாள்."

"விவரமாச் சொல்லுடி."

அவள் மேசை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பின் நுனியைப் பிடித்தாள். "இந்த மேசைதான் என் டிஸ்க்குன்னு வெச்சுக்கோ. இந்த விரிப்பு உர்போவோட டிஸ்க். மேல விரிச்சிருக்கறப்ப நீ எதை வெச்சாலும் விரிப்பு மேலதான் இருக்கும். செப்டம்பர்ல இவர் கழட்டினாரா, விரிப்பு போயிடுச்சு. என் மெஷினுக்கு அது தெரியல. அதுபாட்டுக்கு வெறும் மேசை மேலயே தெனமும் வெச்சுக்கிட்டு வந்திருக்கு. 'வெச்சாச்சு, வெச்சாச்சு'ன்னு எனக்குச் சொல்லிக்கிட்டும் இருந்திருக்கு. நானா திரும்ப மாட்டற வரைக்கும், இல்ல அணைச்சுப் போடற வரைக்கும் விரிப்பு திரும்ப வராது."

"இன்னிக்கு நீ அணைச்சுப் போட்ட" என்றேன்.

"அணைச்சுப் போட்டேன். எழுந்ததும் சமத்தா விரிப்பை எடுத்து மேல விரிச்சுடுச்சு. கீழ இருக்கறதெல்லாம் மறைஞ்சுபோச்சு. கீழ என்ன கெடக்குன்னு மேலேருந்து பாத்தாத் தெரியுமா?"

சொல்லிக்கொண்டே விரிப்பை வெடுக்கென்று தூக்கிக் காட்டினாள். அடியில் என்றைக்கோ விழுந்த ரொட்டித் தூள் கிடந்தது. உர்போவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேத்தி வர்றப்ப துடைப்பா" என்று முணுமுணுத்தார்.

தைமி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்தாள். அங்கிருந்தே தன் வீட்டுக் கணினிக்குள் நுழைந்தாள்.

"உர்போ, உங்க டிஸ்க்கை நான் கழட்டப் போறேன்."

"கழட்டு. அப்புறம் மாட்டிடு" என்றார் அவர்.

"நான் நெனச்சது தப்பா இருந்தா?" என்று என்னைக் கேட்டாள்.

"தப்பா இருந்தா நான் யால்மாரிக்கு வாழ்நாள் முழுக்க சூப் போடறேன். தட்டுடி" என்றேன்.

ஒரே ஒரு வரி. தட்டினாள். அப்புறம் அதே 'நீமி' ஃபோல்டரைத் திறந்தாள்.

செப்டம்பர். அக்டோபர். நவம்பர். திரை ஓடிக்கொண்டே இருந்தது. பனிக்காலம் முழுக்க, ஒரு நாள் விடாமல், பொட்டலம் பொட்டலமாக இறங்கிக்கொண்டே வந்தது. மே வந்தது. ஜூன் வந்தது. கடைசியில் நேற்றைய தேதி வந்து நின்றது. எல்லாம் அவள் வீட்டு அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. தைமி என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள், எனக்குப் பன் தொண்டையில் சிக்கியது. இருமிக்கொண்டே சிரித்தேன். அவள் கண்ணில் தண்ணீர். சௌனா எரிந்தபோது வராத தண்ணீர்.

"தொறந்து பாத்தாத்தான் நிச்சயம்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பூட்டு தொறக்கணும், உள்ள படம் முழுசா இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் உட்கார்ந்திருப்பது எதிர்க் கழகத்து ஓட்டக்காரர் வீட்டுச் சமையலறை. ஒரு நொடி அந்தப் படம் அவர் கண்ணில் பட்டால் இந்த வருஷம் அவர் ஓட முடியாது. தைமி அவரைப் பார்த்தாள்.

உர்போ ஏற்கெனவே எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். "வெறகு பொளக்கணும்" என்றார்.

வெளியே நல்ல மழை. வாசலில் விறகு கூரை முட்ட அடுக்கியிருந்தது, அடுத்த குளிருக்கே போதும். அவர் போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கோடாரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பிளந்துகொண்டிருந்தார்.

தைமி கடவுச்சொல்லை அடித்தாள். முதல் தடவை தப்பாக அடித்துவிட்டாள், இரண்டாம் தடவை பூட்டு திறந்தது. படம் மெல்ல மெல்ல விரிந்தது. மேடுகளுக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம், அடர்ந்த காட்டுக்குப் பச்சை. வடக்குப் பாதி முழுதாக இருந்தது. நான் ஓடுகிறவள் இல்லை, சூப் ஊற்றுகிறவள், நான் பார்க்கலாம். ஏரிக்குப் பக்கத்தில் என் பெர்ரிச் சதுப்பு சின்னச் சின்ன நீலக் கோடுகளாக இருந்தது. அதன் நடுவில் நான் உட்கார்ந்து காபி குடிக்கிற கல்லைக்கூட அந்தப் புண்ணியவான் வரைந்திருந்தான். அவனை இத்தனை நாள் திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

யால்மாரிக்குப் போன் போட்டோம். "கெடைச்சுடுச்சு. நேத்து வரைக்கும் இருக்கு" என்றாள் தைமி. "சரி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்குக் காலையில பண்ணின திருத்தம் கொஞ்சம் இருக்கு. ஞாபகத்துலேருந்து போட்டுடறேன்" என்றான்.

எல்லாவற்றையும் அவன் ஆலைக் கணினிக்குப் பூட்டி அனுப்பி முடித்த பிறகுதான் கோடாரிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்கு நினைவு வந்தது. தைமி கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுது. உள்ள வாங்க, தொப்பலா நனைஞ்சுட்டீங்க."

"மூடிட்டியா?" என்றார் உர்போ, திரும்பாமல்.

"மூடிட்டேன்."

"நெஜமா மூடிட்டியா?"

"பைக்குள்ளயே வெச்சுட்டேன், வாங்க."

அப்புறம்தான் திரும்பினார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன், காபியைச் சூடாக்கினேன், அடுத்த வாரம் என் கையால் செய்த பன் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். என்னிடமிருந்து அதற்கு மேல் மன்னிப்பு யாருக்கும் கிடைத்ததில்லை.

அச்சகம் சாத்துவதற்கு முன்னால் வரைபடம் போய்ச் சேர்ந்தது. போட்டி அன்று வெயில் அள்ளிக் கொட்டியது. வயல்வெளியெல்லாம் கார்கள், கூடாரங்கள், பல நிறச் சட்டைகள். என் பட்டாணி சூப்புக்கு வரிசை நின்ற நீளத்தைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. தைமி பூட்ஸோடு அங்கும் இங்கும் ஓடினாள். யால்மாரி ஓரமாக நின்று, அவன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று அவன் மூன்று கிண்ணம் சூப் குடித்தான்.

எழுபது வயதுப் பிரிவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முதலில் வந்தார். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. உர்போ இரண்டாவதாக வந்தார், முழங்கால் வரை சேறு, நெற்றியில் கீறல். எல்லைக் கோட்டைத் தாண்டியவர் நிற்காமல் நேராக என் கூடாரத்துக்கு வந்தார்.

"தைமி எங்க?"

"இங்கதான் இருக்கேன். என்ன ஆச்சு?"

"ஏழாவது கொடிக்குப் போற வழியில ஒரு பாறை" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "சின்னதில்ல, சௌனா அளவுக்கு நிக்குது. படத்துல இல்ல. இவ்ளோ பெரிய பாறையை விடமாட்டாங்களே, வேற எடத்துக்கு வந்துட்டோம்போலன்னு நெனச்சு சுத்திச் சுத்தி வந்தேன். அதுலயே போச்சு என் முதலிடம்."

யால்மாரி கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அந்தப் பாறை" என்றான். "அது அன்னிக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுச்சு, கடைசியா போட்டேன். மத்த திருத்தம் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அது வரல."

மொத்தக் காடும் விரிப்புக்கு அடியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. லாரிக்கு அடியில் போனது அந்த ஒரு பாறைதான். அது போயும் போயும் மழையில் முதுகைக் காட்டி நின்ற மனிதரின் வழியிலா கிடக்க வேண்டும்.

தைமியின் முகம் வாடிவிட்டது. "உர்போ, மன்னிச்சுடுங்க" என்றாள்.

உர்போ என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவர் வாயோரத்தில் ஏதோ அசைந்தது.

"இப்ப உங்க காட்டைப் பாத்துட்டேன்" என்றார். "ஞாயித்துக்கெழமை போன் பண்ணி, உங்க காட்டுல ஒரு பாறை கொறையுதுன்னு சொல்லலாம் இல்ல?"

"வாராவாரம் பண்ணுங்க" என்றாள் தைமி. "ஒரு வாரம் பண்ணலைன்னா நான் அங்க வந்து நிப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஊற்றுவதற்கு முன்பே அவள் வீட்டு போன் அடித்தது. அடிக்கிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவள் பூட்ஸோடு உள்ளே ஓடுகிற சத்தமும் கேட்டது.